ஏரியில் இறங்கிய விமானங்கள்

புதையல் என்றால் ஆசைப்படாதவர் யார்? தெருவில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், பெரிய உத்தியோகஸ்தர்கள்கூட "ஏதாவது கிடைத்ததாமா?" என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் போவதில்லை. அப்படிப்பட்ட நம்மிடம், உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கு மேல் புதையல்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன, அவை இருக்கும் இடத்தின் கணக்கையும் ஊரறியச் சொல்லிவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்?

நிஜமாகவே இருக்கின்றன, நேயர்களே! இந்த விளையாட்டுக்கு 'ஜியோகேஷிங்' என்று பெயர். 'கேஷ்' என்ற சத்தம் காதில் விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இது ரொக்கம் இல்லை. ஒளித்து வைக்கும் இடம் என்று அர்த்தமாகும் வேறொரு வார்த்தை. பெட்டியைத் திறந்தால் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், ஒரு பென்ஸில், சில விளையாட்டுச் சாமான்கள், அவ்வளவுதான் இருக்கும். கண்டுபிடித்தவர் நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். ஏதாவது எடுத்துக்கொண்டால் பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டும். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வீட்டுக்குப் போக வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைப்பது மட்டும் கூடாது.

இது பிறந்த கதை வேடிக்கையானது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற அமெரிக்கச் செயற்கைக் கோள்கள், நாம் நிற்கும் இடத்தைச் சொல்கின்றன அல்லவா? 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் அந்த நாட்டு சர்க்கார், எதிரிகளுக்குப் பயன்பட்டுவிடக் கூடாதென்று, பொது ஜனங்களுக்கு வரும் சமிக்ஞையை வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பி வைத்திருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரையிலும் தப்பிப் போகும். மே 2-ந் தேதி அந்தக் குழப்பத்தை நிறுத்தினார்கள். மறுநாளே ஆரிகன் மாகாணத்தில் டேவ் உல்மர் என்பவர், 'கருவி இப்போது எவ்வளவு சரியாகச் சொல்கிறது, பார்ப்போம்' என்று காட்டுப் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து, இடத்தின் கணக்கை வெளியிட்டார். வாளிக்குள் புத்தகம், கவண், ஒரு டப்பா அவரைப் பருப்பு! சில நாளிலேயே ஆள் வந்து எடுத்துவிட்டார். இன்று நம் கைபேசியே அந்தக் கருவி.

வெளி நாடுகளில் விமான நிலையங்களின் அருகே இப்படிப் பெட்டி வைத்து, அந்த இடத்தின் பறக்கும் சரித்திரத்தைச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. நம் ஊரில் மீனம்பாக்கம் மதிலோரம் ஒரு தகர டப்பாவை ஒளித்து வைத்தால் என்ன ஆகும்? முதலில் கண்டுபிடிப்பவர்கள் போலீஸாராக இருப்பார்கள். நோட்டில் போட வேண்டிய கையெழுத்தை நாம் ஸ்டேஷனில் போட வேண்டி வரும்.

அது கிடக்கட்டும். மீனம்பாக்கத்துப் பக்கத்துக் கதையைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் தாஞ்செலிஸ் 1910-ல் ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் பறந்தது, 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை நெவில் வின்ஸென்ட் பல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தது, இவையெல்லாம் வருஷா வருஷம் பத்திரிகைகளில் வருகின்றன. என்னைக் கேட்டால், பெட்டி வைக்க வேண்டிய திசை தெற்கு அல்ல, வடக்கு!

ஜி. என். டி. ரோடில் கும்மிடிப்பூண்டி பஸ் ஏறியிருக்கிறீர்களா? காலை ஷிப்டுக்கு சிப்காட்டுக்குப் போகிறவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். புழல் ஏரி வரும், செங்குன்றத்தின் அரிசி ஆலைகள் வரும், சோழவரம் வரும், அப்புறம் லாரிகள், லாரிகள், லாரிகள்தான். ஜன்னலோரம் இருப்பவர்கூடக் கண்ணைத் திறப்பதில்லை. ஆனால் அந்தப் புழல் ஏரி ஒரு காலத்தில் விமான நிலையமாக இருந்தது.

ஏரிக்குப் பக்கத்தில் அல்ல, ஏரியேதான்!

1942-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் பிப்ரவரியில் விழுந்துவிட்டது. ஏப்ரல் 4-ந் தேதி மாலை, இலங்கையின் தெற்குக் கரையில் கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கடல் விமானம் நடுக்கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. ஓட்டியவர் லெனார்ட் பர்ச்சால் என்ற கனடாக்காரர். தந்தி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியர் சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்துச் சிறைப்பட்டார்கள். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தபோது ஊர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டணத்திலும் காகிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது மதராஸ்தான் என்று பட்டணம் மூட்டை முடிச்சுடன் ரயிலடிக்கு ஓடிற்று. கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்று மிருகக் காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றுவிட்டார்கள். பாவம், அவற்றுக்கு ரயில் டிக்கெட் வாங்கித் தர யாரும் இல்லை.

இந்த நிலைமையில் வங்காள விரிகுடாவை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஏற்றது பர்ச்சால் ஓட்டிய அதே ஜாதி விமானம், 'காட்டலினா'. அடிப்பாகம் படகு, மேலே 104 அடி அகலத்துக்கு ஒரே இறக்கை, இரண்டு எஞ்சின். வேகம் குறைச்சல், ஆனால் பொறுமை அதிகம். ஒரு முறை கிளம்பினால் இருபது மணி நேரத்துக்கு மேல்கூடச் சுற்றும். அதற்கு ஓடுபாதை வேண்டாம், தண்ணீர் வேண்டும். மெரினாவில் இறக்கலாமே என்பீர்கள். நம் கடற்கரை அலையைப் பற்றித் தெரிந்தும் கேட்கலாமா? படகு விமானத்துக்கு அலை ஆகாது. அகலமான, அடங்கிய தண்ணீர் வேண்டும். பட்டணத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த புழல் ஏரி அகப்பட்டது.

1942-ல் பிரிட்டிஷ் விமானப் படையின் 240-ஆவது பிரிவு அங்கே வந்து சேர்ந்தது. கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவது, கப்பல்களுக்குத் துணை போவது, விழுந்த விமானிகளைத் தேடுவது, இவையெல்லாம் பகிரங்கமான வேலைகள். பகிரங்கமில்லாத வேலையும் நடந்தது. 1944 மார்ச்சில் இந்த ஏரிக்கரையிலேயே 628-ஆவது பிரிவு என்று ஒன்றை அமைத்து, அந்த அக்டோபரிலேயே கலைத்தார்கள். எதிரியின் வசமிருந்த கரையோரங்களில் ஒற்றர்களை இறக்கிவிடுவதும் அவர்களுடைய காரியங்களில் ஒன்று. நினைத்துப் பாருங்கள்! நம் தாத்தா பாட்டி குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த அதே தண்ணீரிலிருந்து ஒற்றர் விமானம் எழும்பியிருக்கிறது.

அங்கிருந்து இன்னும் சிறிது தூரம் வடக்கே போனால் சோழவரம். இது தரை விமான நிலையம், யுத்த காலத்தில் அவசரமாகப் போட்டது. 1944-ல் 'போஃபைட்டர்' என்ற இரட்டை எஞ்சின் விமானங்களுடன் 27, 47 ஆகிய இரண்டு பிரிவுகள் இங்கே இருந்தன. எதிரிக் கப்பல் வந்தால் பாய்வதற்காக வைத்திருந்தார்கள். ஆனால் ஜப்பானியரின் பெரிய கப்பற்படை இந்தப் பக்கம் திரும்பி வரவே இல்லை. அதற்கு முன்பே, 1943 அக்டோபரில், ஒரே ஒரு விமானம் இரவில் வந்து மதராஸில் குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சரி. 1914-ல் வந்த எம்டனுக்குக் கிடைத்த பெயர்கூட அதற்குக் கிடைக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. விமானங்கள் போயின. சோழவரத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வெயிலில் கிடந்தது. நீளமான, வழவழப்பான, குறுக்கே மாட்டு வண்டி வராத பாதை என்றால் மோட்டார்ப் பைத்தியங்கள் சும்மா இருப்பார்களா? 1950-களிலிருந்து அங்கே மோட்டார்ப் பந்தயம் நடக்க ஆரம்பித்தது. கோண்டல் மகாராஜா, கோயம்புத்தூர் கரிவரதன், பிற்பாடு பெரிய புள்ளியாகிக் கடனில் முடிந்த விஜய் மல்லையா, எல்லாரும் அந்தப் பழைய ஓடுபாதையில் பறந்தவர்களே. கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டமா? 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடி போயிற்று. இதில் ஒரு சங்கடம்: விமானப் பாதையில் காரை ஓட்டிச் சேதமின்றி வந்த கரிவரதன், 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார்.

சரி, பெட்டியை எங்கே வைப்பது? சோழவரம் ஓடுபாதை ராணுவத்தார் நிலம். கைபேசிக் கணக்கைக் காட்டி, 'புதையல் தேடுகிறேன்' என்றால் காவலுக்கு நிற்பவர் சிரிக்க மாட்டார். ஏரிக்கு உள்ளேயும் இறங்கக் கூடாது. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு தந்திரம் உண்டு. கதை நடந்த இடத்திலேயே பெட்டி இருக்க வேண்டியதில்லை. 'காட்டலினாவின் இறக்கை எத்தனை அடி? ஒற்றர் பிரிவின் எண் என்ன?' என்று கேள்வி போட்டு, விடையின் இலக்கங்களைக் கொண்டு வேறோர் இடத்தின் கணக்கைக் கண்டுபிடிக்கச் செய்யலாம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத் தோட்டம் போதும், தலைமையாசிரியர் சம்மதித்தால். சம்மதிக்கக்கூடிய தலைமையாசிரியர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதுண்டு என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

அவசரம் ஒன்றுதான். 1944-ல் செங்குன்றத்தில் பத்து வயதுப் பிள்ளையாக இருந்து, மாடு மேய்க்கிற சாக்கில் ஏரிக்கரையில் நின்று விமானம் இறங்குவதைப் பார்த்தவருக்கு இன்று வயது தொண்ணூறுக்கு மேல். படைப் பிரிவின் எண்ணும் தேதியும் ஏட்டில் கிடைக்கும். தண்ணீரில் அது வயிற்றைப் பதித்தபோது எழும்பிய சத்தம் எப்படி இருந்தது, கொக்குகள் என்ன செய்தன, கரையில் இருந்த ஜனங்கள் ஓடினார்களா, நின்று பார்த்தார்களா, இதெல்லாம் எந்த ஏட்டிலும் கிடைக்காது. உங்கள் வீட்டிலோ எதிர் வீட்டிலோ அப்படி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, பெட்டியிலுள்ள நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். பேனாவால் எழுத வேண்டாம். மழைக் காலத்து ஈரத்தில் மை கலைந்துவிடும். பென்ஸில்தான் நல்லது.