சோதனையை மறுத்தால் சிகிச்சையும் இல்லையா?

தில்லியில் வீட்டுவேலை செய்யும் தமிழ்ப்பெண் ஒருவர் படியில் வழுக்கி விழுந்து முன்கை கிழிந்த நிலையில் தனியார் மருத்துவமனையொன்றின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றார். மொழிபெயர்க்க நான் உடனிருந்தேன். தையலிடுமுன் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றனர். தலையில் அடிபடவில்லை, மயக்கமோ வாந்தியோ இல்லை. எதற்கு ஸ்கேன் என்று கேட்டார், விளக்கம் கிடைக்கவில்லை. வேண்டாம் என்றதும் ஆங்கிலத் தாளொன்று நீட்டப்பட்டது. மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறுவதாக அவர் கையொப்பமிட வேண்டுமாம்! அவர் வெளியேற விரும்பவில்லை, தையலிடும்படிதான் கேட்டார்.

'மருத்துவர் சொன்னால் கேட்பதுதானே முறை?' என்று நம் தோழர்களே சிலர் வினவுகின்றனர். இது பிழையான வாதம். அறிவியலை நாம் மறுக்கவில்லை. ஸ்கேன் தேவையாகவே இருந்திருக்கலாம்; அவ்வாறாயின் ஏன் தேவை, எடுக்காவிடில் என்ன ஆபத்து என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்குவதே மருத்துவரின் கடமை. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது இதைத்தான்: போதிய தகவல் அறிந்து தரும் ஒப்புதலே ஒப்புதல். மறுக்கும் உரிமையற்றவரிடம் பெறும் ஒப்புதலுக்கு என்ன பொருள்? ஒரு சோதனையை மறுத்தவர் சிகிச்சை முழுவதையும் மறுத்தவராகிவிட மாட்டார்.

அன்று பணியிலிருந்த இளம் மருத்துவரிடம் நான் குரலை உயர்த்தினேன். அது என் தவறு. அவரும் செவிலியரும் உழைப்பை விற்று வாழ்பவர்களே. கோடிக்கணக்கில் வாங்கிய இயந்திரம் ஓய்ந்திருந்தால் இழப்பு என்று கணக்கிடும் மூலதனமே நம் எதிரி. இறுதியில் அவர், 'ஸ்கேன் வேண்டாமென்றார்' என்று நோயாளிக் குறிப்பில் எழுதிவிட்டுத் தையலிட்டார். அந்த ஒரு வரியைத் தொடக்கத்திலேயே எழுதியிருக்கலாம்.

அந்தப் பெண் ஏன் தனியாரிடம் சென்றார்? அருகில் அரசு மருத்துவமனை இல்லை என்பதால்தான். பொதுச் சுகாதாரச் செலவு 2025க்குள் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை எட்டும் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. எட்டவில்லை. அரசின் சொந்தக் கணக்கின்படியே, 2021-22இல் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் சட்டைப்பையிலிருந்து சென்றது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் முன்வைத்த நோயாளர் உரிமைச் சாசனத்தைச் சட்டமாக்கவும் ஒன்றிய அரசுக்கு மனமில்லை.

தோழர்களே, சாசனத்தை நாடு முழுமைக்கும் சட்டமாக்குக. ஒப்புதல் படிவங்களை நோயாளியின் மொழியில் தருக. அரசு மருத்துவமனைகளை விரிவாக்குக! இக்கோரிக்கைகளை மருத்துவ ஊழியர்களையும் இணைத்துக்கொண்டே எழுப்புவோம்.