ஒரு பொத்தானின் விலை

2011 ஏப்ரலில் க்னோம் 3 வெளிவந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் புழங்கிவந்த ஒரு திரைச் சூழலின் புதிய பதிப்பு அது. அதில் ஒவ்வொரு சாளரத்தின் மேல் மூலையிலும் மூடும் பொத்தான் மட்டுமே இருந்தது. சாளரத்தைச் சுருக்கி ஒதுக்கிவைக்கும் பொத்தான் இல்லை. திரை முழுக்க விரிக்கும் பொத்தானும் இல்லை. திறந்திருக்கும் சாளரங்களை வரிசையாகக் காட்டும் பணிப்பட்டையும் போய்விட்டது. பயனர்களிடையே பெரும் வாக்குவாதம் எழுந்தது. சிலர் வேறு சூழலுக்கு மாறினார்கள். சிலர் பழைய பதிப்பின் மூலநிரலை எடுத்துத் தாங்களே வளர்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு பொத்தானுக்கா இவ்வளவு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். லினக்ஸில் திரை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்த வாக்குவாதமும் புரியும். அங்கிருந்தே தொடங்குவோம்.

விண்டோஸ் கணினியிலோ மேக்கிலோ திரையில் தெரியும் அனைத்தையும் ஒரே நிறுவனம் தீர்மானிக்கிறது. லினக்ஸில் அந்த வேலை பல அடுக்குகளாகப் பிரிந்திருக்கிறது. அடியில் இருப்பது கெர்னல். நினைவகம், வட்டு, விசைப்பலகை போன்ற வன்பொருளை மற்ற மென்பொருள்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் உட்கரு அது. கண்டிப்பாகப் பார்த்தால் லினக்ஸ் என்ற பெயர் இந்த ஒன்றுக்கே உரியது. சாளரம் என்றோ பொத்தான் என்றோ கெர்னலுக்கு எதுவும் தெரியாது.

அதற்கு மேல் நெடுங்காலம் இருந்தது எக்ஸ் சாளர அமைப்பு. 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்தது. திரையில் வரைவதற்கான வழியைத் தருவதே அதன் வேலை. என்ன வரைய வேண்டும், சாளரத்தின் ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அது தலையிடாது. அந்த முடிவை அடுத்த அடுக்குக்கு விட்டுவிடும். சாளரங்களுக்குச் சட்டம் போட்டு, நகர்த்தி, அடுக்கிவைப்பது சாளர மேலாளர் என்ற தனி நிரல். பொத்தான், பட்டி, உரைப்பெட்டி போன்ற உறுப்புகளை ஆயத்தமாகத் தருவது கருவித்தொகுதி. அண்மை ஆண்டுகளில் எக்ஸின் இடத்தை வேலண்ட் பிடித்துவருகிறது. அதில் காட்சியையும் சாளரங்களையும் ஒரே நிரல் கவனிக்கிறது.

சாளர மேலாளர், பட்டைகள், கோப்பு மேலாளர், அமைப்புகள் பக்கம், இவை எல்லாவற்றுக்கும் பொதுவான கருவித்தொகுதி ஆகியவற்றை ஒரே பாணியில் சேர்த்துக் கட்டிய தொகுப்பையே டெஸ்க்டாப் சூழல் என்கிறோம். கெர்னல், டெஸ்க்டாப் சூழல், செயலிகள் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து நிறுவத்தக்கதாகத் தருவது வழங்கல். உபுண்டு, ஃபெடோரா, மின்ட் ஆகியவை வழங்கல்கள். ஒரே வழங்கலில் டெஸ்க்டாப் சூழலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கீழே இருக்கும் லினக்ஸ் அப்படியே இருக்கும்.

ஒன்று போதாதா என்று கேட்கலாம். முதலில் ஒன்றுதான் திட்டம். 1996 அக்டோபரில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக் ஒரு பொது அழைப்பு விடுத்தார். அன்று லினக்ஸில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாகத் தோன்றியது, ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. இவற்றை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவர அவர் ஆள் சேர்த்தார். அதில் உருவானது கேடிஇ. அது நார்வே நிறுவனம் ஒன்றின் க்யூட்டி என்ற கருவித்தொகுதியின் மேல் கட்டப்பட்டது. அன்றைய க்யூட்டியின் உரிமம், யாரும் மாற்றிப் பகிரலாம் என்ற கட்டற்ற மென்பொருள் நெறிக்குப் பொருந்தவில்லை. ஆகவே 1997 ஆகஸ்டில் மெக்சிகோவின் மிகுவெல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். அதன் அடித்தளம் ஜிடிகே என்ற மற்றொரு கருவித்தொகுதி. 2000இல் க்யூட்டியும் கட்டற்ற உரிமத்துக்கு வந்தது. சண்டைக்கான காரணம் தீர்ந்தது. ஆனால் அதற்குள் இரண்டு பக்கமும் ஆட்களும் செயலிகளும் பழக்கங்களும் வேரூன்றிவிட்டன. இரண்டும் நிலைத்தன.

இரண்டின் வழிகளும் வடிவமைப்பில் பிரிந்தது அதற்குப் பிறகுதான். 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் க்னோம் 1.4ஐ வைத்து ஒரு சோதனை நடத்தியது. 12 பேரை உட்காரவைத்து, சில எளிய வேலைகளைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்தது. தடுமாற்றங்கள் ஏராளம். பட்டையில் ஒரு கடிகாரம் வைக்கலாம் என்று போனால் பல வகைக் கடிகாரங்கள் வந்து நின்றன. எதை எடுப்பது, ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன வேறுபாடு என்று பயனருக்குத் தெரியவில்லை. நிரலாளர்கள் தாராளம் என்று நினைத்துக் கொடுத்தது புதியவருக்குக் குழப்பமாகப் போய்ச் சேர்ந்தது.

2002 ஜூனில் வெளிவந்த க்னோம் 2.0 பல அமைப்புகளை நீக்கியது. அந்தக் காலத்தில் க்னோம் நிரலாளர் ஹாவக் பென்னிங்டன் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் ஒரு விலை உண்டு என்பதே அதன் சாரம். விருப்பத்தேர்வு என்பது பயனர் தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஓர் அமைப்பு. ஒன்றைக் கூடுதலாக வைப்பதில் யாருக்கு என்ன நட்டம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் நட்டம் தெரியும்.

போடலாம் அல்லது நிறுத்தலாம் என்ற வகையில் 10 அமைப்புகள் இருந்தால், அவை ஒன்றோடொன்று சேரும் விதங்கள் 1,024. 20 அமைப்புகள் இருந்தால் 10,48,576. இத்தனை சேர்க்கைகளையும் யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. பிழை எங்கோ ஒரு சேர்க்கையில் ஒளிந்திருக்கும். அதைச் சந்திக்கும் பயனர் புகார் செய்வார். நிரலாளரின் கணினியில் அது வராது. இதற்கு மேல், அமைப்புகள் பக்கம் நீள நீள, ஒருவருக்கு உண்மையில் வேண்டிய ஒன்று அதில் தொலைந்துபோகும். மொழிபெயர்ப்பாளரும் இந்தக் கணக்கில் வருகிறார். அமைப்புகள் பக்கத்தில் ஒரு வரி கூடினால், தமிழாக்கம் செய்பவரின் பட்டியலிலும் ஒரு வரி கூடுகிறது. அது விடுபட்டால் தமிழ்த் திரையின் நடுவே ஓர் ஆங்கில வரி எட்டிப் பார்க்கும்.

இது கணக்கின் ஒரு பக்கம். நீக்குவதற்கும் விலை உண்டு. அதைச் செலுத்துபவர் வேறொருவர். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ஒரே பொத்தானை அழுத்தியவரின் கை, மனம் யோசிக்கும் முன்பே அங்கே போய்விடும். பொத்தானை இடம் மாற்றினால் அவர் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டும். 2010இல் உபுண்டு சாளரப் பொத்தான்களை வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு மாற்றியது. எதுவும் நீக்கப்படவில்லை. ஆனாலும் எதிர்ப்பு பலமாக இருந்தது. 2017இல் பொத்தான்கள் மீண்டும் வலப்பக்கம் வந்தன.

திறமை இருந்தால் இந்தச் செலவு குறையும் என்றும் சொல்ல முடியாது. கெர்னலை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல், க்னோம் அமைப்புகளை அதிகமாக வெட்டுகிறது என்று கடுமையாகச் சாடி, கேடிஇயைப் பரிந்துரைத்தார். 2008 ஜனவரியில் கேடிஇ 4.0 வந்தது. உள்ளே பெரும்பகுதி புதிதாக எழுதப்பட்டிருந்தது. பழகிய வசதிகள் பல இன்னும் வந்து சேரவில்லை. டோர்வால்ட்ஸ் க்னோமுக்கு மாறினார். 2011இல் க்னோம் 3 வந்ததும் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய சூழலுக்குப் போனார். பின்னர் க்னோமுக்கே திரும்பினார்.

இப்போது காணாமல் போன பொத்தானுக்கு வருவோம். அது நீக்கப்பட்டதற்கு ஒரு தர்க்கம் இருந்தது. சுருக்கிய சாளரம் எங்கே போகும்? பணிப்பட்டை இருந்தால் அங்கே போய் உட்காரும். க்னோம் 3இல் பணிப்பட்டை இல்லை. சுருக்கினால் சாளரம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், புதியவர் அதைத் தொலைத்துவிட்டதாக நினைப்பார். பணிப்பட்டைக்குப் பதிலாக வந்தது ஒரு மேலோட்டக் காட்சி. சுட்டியைத் திரையின் இடது மேல் மூலைக்குத் தள்ளினால், திறந்திருக்கும் சாளரங்கள் எல்லாம் சிறிதாகி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரியும்.

மூலையைத் தேர்ந்தெடுத்ததிலும் பொருள் உண்டு. இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவாகச் சேரும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் அளந்து காட்டினார். திரையின் மூலையைத் தாண்டிச் சுட்டி போகாது. எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அங்கேயே நிற்கும். குறி பார்க்கத் தேவையில்லை என்பதால், சிறிய புள்ளியாக இருந்தும் அது பெரிய இலக்காகிறது.

ஒவ்வொரு முடிவும் இப்படி உறுதியான காரணத்தோடு வரவில்லை. அதே பதிப்பின் பட்டியில் கணினியை உறங்கவைக்கும் கட்டளைதான் தெரிந்தது. முழுதாக அணைக்க வேண்டுமென்றால் ஆல்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது திரையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கே தெரியும். 2012இல் வந்த 3.6 பதிப்பில் அணைக்கும் கட்டளை மீண்டும் வெளிப்படையாக வைக்கப்பட்டது.

பழையதை விட மனமில்லாதவர்கள் க்னோம் 2ஐப் பிரித்தெடுத்து மாட்டே என்ற பெயரில் வளர்த்தார்கள். மின்ட் வழங்கலைச் செய்பவர்கள் க்னோம் 3இன் நிரலை எடுத்து, பழைய பாணிப் பணிப்பட்டையோடு சின்னமன் சூழலை உருவாக்கினார்கள். கட்டற்ற மென்பொருளில் இந்த உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் பிரித்தெடுத்தவர் பராமரிக்கவும் வேண்டும். மாட்டே நின்றிருந்த ஜிடிகே 2 பழையதாகிக்கொண்டே போனது. முழுச் சூழலையும் ஜிடிகே 3க்கு மாற்றி முடிக்க 2017 ஆயிற்று.

சூழலை மாற்றாமல் நீட்சி போட்டுக்கொள்ளும் வழியும் இருக்கிறது. நீட்சி என்பது க்னோமுக்குள் நுழைந்து அதன் நடத்தையை மாற்றும் சிறு நிரல். பணிப்பட்டை வேண்டுமா, அதற்கும் நீட்சி உண்டு. ஆனால் நீட்சி க்னோமின் உள்நிரலைத் தொட்டு மாற்றுவதால், உள்நிரல் மாறும்போது அது உடையக்கூடும். க்னோமின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் நீட்சியை எழுதியவர் அதைச் சரிபார்த்தாக வேண்டும். க்னோம் குழு இறக்கிவைத்த சுமையை இங்கே வேறொருவர் தூக்குகிறார்.

கேடிஇ வேறு கணக்குப் போடுகிறது. முதல் தோற்றம் எளிமையாக இருக்கட்டும், வேண்டியவருக்கு உள்ளே எல்லாம் இருக்கட்டும் என்பது அதன் வழி. 2024 பிப்ரவரியில் வந்த அதன் பிளாஸ்மா 6 பதிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதுவரை கேடிஇயில் ஒரு கோப்புறையை ஒருமுறை சொடுக்கினாலே திறந்துவிடும். பிற கணினிகளிலிருந்து வருபவர்கள் இருமுறை சொடுக்கிப் பழகியவர்கள். ஆகவே இருமுறைச் சொடுக்கு இயல்பமைப்பாயிற்று. இயல்பமைப்பு என்றால் பயனர் எதையும் தொடாதபோது இருக்கும் நிலை. பழைய முறை வேண்டியவர் அமைப்புகளில் ஒரு தேர்வை மாற்றினால் போதும். யாருடைய வழியும் அடைபடவில்லை. ஆனால் அந்தத் தேர்வு அங்கே இருக்கும்வரை யாராவது அதைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சோதனை நடத்தி எது சிறந்தது என்று தீர்த்துவிட முடியாதா? ஓரளவுக்குத்தான். 12 பேரை உட்காரவைத்துப் பார்த்தால் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரியும். புதியவரின் முதல் ஒரு மணி நேரத்தை இத்தகைய சோதனை நன்றாகக் காட்டும். பத்தாண்டு பழகியவரின் ஆயிரமாவது மணி நேரத்தை அது காட்டாது. முன்னதுக்கு ஏற்ற வடிவம் பின்னதுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே இரு தரப்பும் தத்தம் சான்றோடு பேசும், இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

இவ்வளவையும் பார்த்தபின் ஒரு சிறிய கருத்தைச் சொல்லலாம். இந்த வாக்குவாதங்களில் அழகு, சுதந்திரம், எளிமை என்ற சொற்களே உரக்கக் கேட்கின்றன. அடியில் இருப்பது, ஒரு முடிவின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி. புதியவரா, பழகியவரா, நிரலைப் பராமரிப்பவரா? செலவே இல்லாத முடிவு இந்தக் கணக்கில் எங்கும் தென்படவில்லை. பழக்கத்தை மாற்றச் சொல்பவர், விட்ட வேலையைப் புதிய இடத்தில் எப்படிச் செய்வது என்றும் காட்டினால் எதிர்ப்பின் ஒரு பகுதியாவது குறையும். அணைக்கும் கட்டளையின் கதை சொல்வதும் அதையே.

காணாமல் போன பொத்தான் இன்று எங்கே? க்னோம் குழு வெளியிடும் மூல வடிவில், 2011இல் போலவே, மூடும் பொத்தான் மட்டும்தான். 2017இல் உபுண்டு தன் சொந்தச் சூழலான யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பியது. உபுண்டுவின் க்னோமில் சுருக்கும் பொத்தான் இருக்கிறது. கூடவே, திறந்திருக்கும் செயலிகளைக் காட்டும் ஒரு பட்டையும் திரையோரத்தில் நிரந்தரமாக இருக்கிறது. சுருக்கிய சாளரம் எங்கே போகும் என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. அதனால் பொத்தானும் இருக்கிறது.