அடிஷனல் ஷீட் வீரர்களும் ஆக்சுவரி பரீட்சையும்

"சப்ஜெக்ட்ல நாம ஸ்ட்ராங்கு, இங்கிலீஷ்ல மாட்டி விட்டுட்டாங்கப்பா." ஆக்சுவரி பரீட்சை ரிசல்ட் வந்த அன்னிக்கு நம்மாளுங்க பாடுற பாட்டு இது. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

தெரியாதவங்களுக்கு: இன்ஷூரன்ஸ், பென்ஷன், கிராஜுவிட்டின்னு நாளைக்குக் குடுக்க வேண்டிய காசுக்கு இன்னிக்கே கணக்குப் போடுறவர்தான் ஆக்சுவரி. இந்தியாவுல பரீட்சை வைக்கிறது இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா. ஆரம்ப பேப்பர்கள்ல பெரும்பாலும் கணக்கு. அப்புறம் சிபி1-னு ஒண்ணு வரும், எழுத்து ஜாஸ்தி. எஞ்சினியரிங் கோஷ்டி தலைகுப்புற விழறது அங்கதான்.

காரணம் இங்கிலீஷ் இல்லீங்க. பிளாக்குக்கு பிளாக் மார்க் விசாரிக்கிற நெய்வேலி டவுன்ஷிப்புல வளர்ந்தவன் சொல்றேன். எத்தனை அடிஷனல் ஷீட் வாங்கி நூல் கட்டுனோம்கிறதுதான் அங்க வீரம். தெரிஞ்சதையெல்லாம் கொட்டிட்டு வந்துடுவோம், வேணுங்கிறதை திருத்துறவர் பொறுக்கிக்கணும்.

ஒரு உதாரணம். கிராஜுவிட்டி உச்சவரம்பு 2018-ல 10 லட்சத்துலேருந்து 20 லட்சம் ஆச்சு. "இதனால் கம்பெனியின் பொறுப்பு எப்படி மாறும்? டிஸ்கஸ்" - 6 மார்க்னு வெச்சுக்குங்க. நம்மாளு 15/26 ஃபார்முலா, அஞ்சு வருஷ சர்வீஸ் விதி, கிராஜுவிட்டின்னா என்னன்னு ரெண்டு பக்கம் எழுதுவாரு. "ஸ்டேட்"னு ஃபார்முலாவைக் கேட்டிருந்தா சரி. இங்க கேட்டது மாற்றத்தை! லட்ச ரூபா சம்பளம், 30 வருஷ சர்வீஸ்னா கணக்கு 17.3 லட்சம் வரும். பழைய வரம்புல 10-தான், இப்ப முழுசும் குடுக்கணும். இன்னிக்கு சம்பளம் கம்மியா இருக்கிற பையனும் ரிட்டயர் ஆகறப்ப பழைய வரம்பைத் தாண்டுவான், அவனுக்கும் பொறுப்பு ஏறும். நாலஞ்சு வருஷத்துல ஆளுங்க ஓடிப்போற சாஃப்ட்வேர் கம்பெனிக்கு பெருசா அடி விழாது, நெய்வேலி மாதிரி ஒரே இடத்துல 30 வருஷம் இருக்கிற ஊர்ல செம அடி. இதுக்குத்தான் மார்க்கு.

இன்னொரு கோஷ்டி "டெக்னிக்" சொல்லித் தர்றேன்னு கிளம்பியிருக்கு. "டிஸ்கஸ்னா நாலு சாதகம், நாலு பாதகம் எழுது." மேல உள்ள கேள்விக்கு என்ன சாதகம் எழுதுவீங்க சார்? :-)

கேள்வியைப் படிக்கிறதை தந்திரம்னு சொல்றதே எனக்கு எரிச்சல். கிளையன்ட் ஒரு ரிப்போர்ட் கேட்டா மொத்த டேட்டாபேஸையும் தூக்கியா குடுக்கறோம்? கம்பெனி போர்டு "எங்களுக்கு எவ்வளவு அடி?"ன்னு கேக்கும்போது ஃபார்முலா ஒப்பிக்கிற ஆக்சுவரியை யாரு வேலைக்கு வெச்சுக்குவாங்க?

சில கேள்வி நிஜமாவே குழப்பும், ஒத்துக்கறேன். அப்போ "இப்படி எடுத்துக்கிட்டேன்"னு ஒரு வரி எழுதிட்டு மேல போகணும். மத்தபடி இன்ஸ்டிட்யூட் சைட்லயே பழைய கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் கிடக்கு. விடையை மூடிவெச்சுட்டு, வினைச்சொல்லையும் மார்க்கையும் மட்டும் பாத்து எத்தனை பாயின்ட் வேணும்னு ஊகிச்சு, அப்புறம் திறந்து பாருங்க. இங்கிலீஷைத் திட்டுறதை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.