வளைந்து வெல்லும் வித்தை

சென்ற கிழமை மாணவன் ஒருவன் என்னைத் தனியே அணுகி, "ஐயா, யப்பானியரின் ஜுஜுத்சுவைப் புத்தகம் பார்த்துப் பழகலாமா?" என வினவினான். மெலிந்த உடம்பினன். காரணங் கேட்டேன், தலை கவிழ்ந்தான். அதுவே விடையாயிற்று. வலியவன் ஒருவனுடைய கைக்கு அஞ்சி நாடோறும் பள்ளிக்கு வரும் பிள்ளையின் துயரம் சிறியதன்று. அவனுக்குக் கூறியதையே ஈண்டும் கூறுகின்றேன்.

1860 இல் யப்பானிலே பிறந்த ஜிகோரோ கானோ என்பவரும் இளமையில் இவனைப் போன்றவரே. விடுதிப் பள்ளியிலே வலிய மாணவரால் துன்புற்றார். ஜுஜுத்சு பயில விழைந்தபோது, இக்காலத்துக்கு அது வேண்டாததென்று பெரியோர் தடுத்தனர். சாமுராய் வீரர் காலம் மறைந்தமையால், அக்கலையின் ஆசான்மாருட் சிலர் முறிந்த எலும்பைப் பொருத்திப் பிழைத்து வந்தனர். அத்தகையோருள் ஒருவரான ஹச்சினொசுகே புக்குடாவிடம் 1877 இல் கானோ மாணாக்கரானார். 1882 இல் தோக்கியோவிலே, பௌத்த கோயில் ஒன்றில், 12 பாய் விரிக்குமளவான இடத்திலே தமது பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார். ஜுஜுத்சுவைத் திருத்தி அவர் அங்கு வகுத்த முறையே ஜூடோ.

அதன் தத்துவத்தை அவர் கணக்காகவே விளக்கினார். எதிரியின் வலிமை 10, நமது வலிமை 7 என்க. அவன் தள்ளும்போது எதிர்த்து நின்றால் தோல்வி நமதே. அவன் தள்ளும் அளவுக்கு நாம் பின்வாங்கினாலோ, அவன் முன்னே சரிந்து நிலை தடுமாறுவான். அக்கணத்தில் அவன் வலிமை 3 ஆகச் சுருங்கும். நமது 7 குறையாது நிற்கும். வலியறிதலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைக் கற்ற நமக்கு இது விளங்காததன்று.

எளிய உதாரணம் ஒன்று. மணிக்கட்டை ஒருவன் பற்றினால் வெறுமனே பின்னோக்கி இழுத்துப் பயனில்லை. அவனுடைய பெருவிரலும் மற்றை விரல்களும் சந்திக்கும் இடமே அப்பிடியின் நலிந்த வாயில். அப்பக்கமாகக் கையைத் திருப்பி விரைந்து இழுத்தல் வேண்டும்.

பெண் மக்களுக்கும் இக்கலை உரியதே. முற்கூறிய புக்குடாவின் பேர்த்தியாராகிய கெய்கோ 5 அடி உயரமும் நிரம்பாதவர். கானோவின் அழைப்பினாலே பயிலத் தொடங்கிய அவர், 2011 இல், தமது 98 ஆவது வயதில், ஜூடோவின் 10 ஆம் படியைப் பெற்ற முதற் பெண்மணியானார்.

ஆயினும் புத்தகம் மாத்திரம் போதாது. இக்கலையில் முதற் பாடம் வீழ்த்துவதன்று, வீழ்வது. நாடியை நெஞ்சோடு சேர்த்து, தலை நிலத்திற் படாமல், கையாற் பாயை அறைந்து விழப் பழகவேண்டும். மூட்டு மடக்கும் கழுத்துப் பிடியும் பொல்லாதவை. பிடிபட்டவன் கையாற் தட்டியதும் பிடித்தவன் அக்கணமே விடவேண்டும். அருகில் நின்று இவற்றைத் திருத்த ஆசான் இல்லாவிடில் தோழனின் மூட்டுத்தான் முறியும்.

மாணவனிடம் முடிவாக இரண்டு சொன்னேன். முதலில், நடந்ததைத் தந்தையாரிடமும் வகுப்பாசிரியரிடமும் மறையாது சொல், அது கோழைமையன்று. பின்னர், தக்க ஆசானைத் தேடிப் பயில். கத்தியோடு வருபவன் முன் ஓடித் தப்புவதே எவ்வாசானும் கூறும் அறிவு.

"அப்படியாயின் அவனை நான் அடிக்கவே முடியாதா, ஐயா?" என்றான். "நன்றாகப் பயின்றபின் அந்த ஆசை உனக்கு இராது" என்றேன். அவன் முழுதும் நம்பவில்லை; எனினும் நிமிர்ந்து சென்றான்.