தூய டீசலும் தொலைவிலுள்ள ஊர்களும்

எரிபொருளைத் தூய்மைப்படுத்தும் விதி ஒன்று அமலுக்கு வந்துவிட்டால், அதன் பயன் நாடெங்கும் ஒரே அளவில் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே ஆகும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் தொடங்கும் தூய்மை, எஞ்சினில் சென்று முற்றுப்பெற வேண்டும். எஞ்சினோ, அதனைப் பேணுவோரின் அறிவையும், அவர்களுக்குக் கிடைக்கும் உதிரிப்பாகங்களையும் பொறுத்தே இயங்குகிறது. ஓர் ஊர் நகரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளதோ, அவ்வளவுக்கு இந்த இரண்டாம் பாதி கடினமாகிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் அனுபவமும், லடாக், அலாஸ்கா போன்ற குளிர்ப் பிரதேசங்களின் அனுபவமும் இவ்வுண்மையை ஒருங்கே விளக்குவன.

2010ஆம் ஆண்டில் சென்னை, பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 4 தரமுள்ள டீசல் வழங்கப்பட்டது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மிகாது. இவ்விரு நகரங்களுக்கும் இடையே அமைந்துள்ள சித்தூர்ப் பகுதிக்கு அவ்வாண்டில் கிடைத்ததோ, 350 பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்ட டீசலே. ஒரே சாலையில் ஓடிய லாரி, புறப்பட்ட இடத்தில் ஒரு தரமும் வழியில் வேறொரு தரமும் நிரப்பிக்கொள்ளும் நிலை இருந்தது. 2017 ஏப்ரலில் 50 பங்கு என்னும் வரம்பு நாடு முழுமைக்கும் பொதுவாயிற்று. பின்னர், ஐந்தாம் படியைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 தரம் நாடு முழுமைக்கும் நடைமுறைக்கு வந்தது. இப்பொழுது வரம்பு 10 பங்கு. அதாவது, முன்னைய 350 பங்கில் முப்பத்தைந்தில் ஒன்று. பெருநகருக்கு ஒரு தரம், சிற்றூருக்கு வேறு தரம் என்ற பாகுபாட்டை நீக்கிய இம்முடிவு முற்றிலும் நியாயமானது என்பதில் ஐயமில்லை.

கந்தகத்தைக் குறைப்பதனால் இருவகை நன்மைகள் விளைகின்றன. கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாக மாறுகிறது. அதில் ஒரு பகுதி சல்பேட் துகள்களாகிப் புகையுடன் கலக்கிறது. எனவே, கந்தகம் குறைந்தால் பழைய எஞ்சினின் புகையிலும் ஓரளவு தீமை குறையும். இரண்டாவது நன்மை இன்னும் பெரியது. புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிகளின் ஆற்றலைக் கந்தகம் கெடுத்துவிடும். அது நீங்கினால்தான் கரித்துகள் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்கும் கருவியும் நீண்டகாலம் பயன்படும். தூய எரிபொருள் என்பது தூய எஞ்சினுக்குக் கதவைத் திறந்துவிடும் திறவுகோல் எனலாம். ஆனால், கதவு திறந்ததனாலேயே உள்ளே சென்றதாகாது.

திருமலைச் சாலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இப்பொழுது இறங்கும் வண்டிகளுக்கும், 1974இல் அமைந்த இரண்டாம் பாதை ஏறும் வண்டிகளுக்கும் பயன்பட்டு வருகின்றன. செங்குத்தான பாதையில் முழுச் சுமையுடன் ஏறும் எஞ்சின் மிகுதியாக எண்ணெயை எரிக்கிறது. அலிபிரியிலிருந்து படியேறிச் செல்லும் யாத்திரிகரின் நடைபாதை சில இடங்களில் வண்டிச் சாலையை ஒட்டியே செல்கிறது. படியேறுபவர் சமவெளியில் நடப்பவரைவிட ஆழமாகவும் விரைவாகவும் மூச்சு விடுகிறார். ஆகவே, புகையின் தீங்கும் அவரையே முதலில் தாக்குகிறது. 2022 செப்டம்பரில் இம்மலைக்கு மின்சாரப் பேருந்துகள் விடப்பட்டது வரவேற்கத்தக்க செயலாகும். இறங்கும்பொழுது பிரேக்கில் வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை மின்சாரமாக மீட்கும் வசதி, மலைப்பாதைக்கு மிகவும் ஏற்றது. எனினும், மலையடிவாரத்து ஊர்களின் லாரிகளும், டிராக்டர்களும், மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகளிலும் பால் குளிரூட்டு நிலையங்களிலும் உள்ள ஜெனரேட்டர்களும் நெடுங்காலம் டீசலையே நம்பியிருக்கும்.

இவற்றில் புதியனவற்றுக்குக் கடுமையான விதிகள் வந்துள்ளன. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலும், 800 கிலோவாட் வரையுள்ள ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலையிலும் புதிய வரம்புகள் தொடங்கின. கனரக வாகனங்களில் கரித்துகள் வடிகட்டியும், லாரிக்காரர்கள் ஆட்புளூ என்று குறிப்பிடும் யூரியாக் கரைசலும் இன்று வழக்கமாகிவிட்டன. வடிகட்டியில் சேரும் கரியை எரித்து நீக்கப் புகையின் உஷ்ணம் உயர வேண்டும். மலையேறும் வண்டியில் அது எளிதில் உயரும். சந்தைக்கும் ஆலைக்கும் இடையே சிறு தூரம் ஓடி ஓடி நிற்கும் வண்டியில் அவ்வாறு உயர்வதில்லை. கரி சேர்ந்து வடிகட்டி அடைபட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதன் பொருளை அறியாதவர், வண்டி இழுவை குறைந்துவிட்டது என்று கருதி வடிகட்டியையே கழற்றிவிட முற்படுவர். அக்கணமே சட்டத்தின் பயன் முழுவதும் அவ்வண்டியைப் பொறுத்தமட்டில் வீணாகிவிடுகிறது.

யூரியாக் கரைசலைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். அதில் யூரியா 32.5 சதவீதம்; எஞ்சியது கனிமங்கள் நீக்கப்பட்ட தூய நீர். வயலுக்கு இடும் யூரியாவைக் கிணற்று நீரில் கரைத்து ஊற்றினால் செலவு மிச்சமாகும் என்று நினைப்பது பெருந்தவறு. 2015 முதல் விவசாய யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது. அந்த எண்ணெயும், கிணற்று நீரிலுள்ள உப்புகளும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். மேலும், 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் நெடுநாள் வைத்தால் இக்கரைசலின் ஆயுள் குறையும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதியில், தகரக் கூரையின் கீழ் இதனைச் சேமித்து வைப்பது பொருந்தாது.

அதே கரைசல் பூஜ்யத்துக்குக் கீழ் 11 டிகிரியில் உறைந்துவிடும். இங்கே வெப்பத்தால் கெடுவது, லடாக்கில் குளிரால் பயனற்றுப்போகிறது. அங்கு டீசலும் குளிரில் மெழுகு திரண்டு ஓடாமல் நின்றுவிடும். இதைத் தவிர்க்க மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் வழக்கம் இருந்து வந்தது. மண்ணெண்ணெயிலோ கந்தகம் மிகுதி. ஆலையில் நீக்கிய மாசு சாலையில் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2019 நவம்பரில், பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை உறையாத, பாரத் ஸ்டேஜ் 6 தரமுள்ள குளிர்கால டீசல் லடாக்கில் அறிமுகமாயிற்று. தூய்மையின் வரம்பைத் தளர்த்தாமலே, இடத்தின் இயல்புக்கு ஏற்ப எரிபொருளை அமைக்க இயலும் என்பதற்கு இது சிறந்த சான்று.

அலாஸ்காவில் மற்றொரு வழி கையாளப்பட்டது. அங்குள்ள பல சிற்றூர்களுக்குச் சாலையும் இல்லை, பொது மின்கம்பியும் இல்லை. கோடையில் படகில் வரும் டீசலே ஆண்டு முழுவதும் மின்சாரம் தருகிறது. எரிபொருளைப் பொறுத்தவரை, 2010 வரை அவகாசம் கொடுக்கப்பட்டு, பின்னர் மிகக் குறைந்த கந்தகமுள்ள டீசல் அங்கும் கட்டாயமாயிற்று. ஆனால், கரித்துகள் வடிகட்டி பழுதுற்றால் செப்பனிட ஆள் வருவதற்குள் உறைபனியில் ஊரே இருளும் என்ற அச்சம் எழுந்தது. 2019இல் இயற்றப்பட்ட சட்டம், புதிய ஜெனரேட்டர்களுக்கும் அவ்வடிகட்டியிலிருந்து விலக்களித்தது.

அந்த அச்சம் பொய்யன்று. மின்சாரம் நிற்பது அங்கே உயிருக்கே ஆபத்தாகும். எனினும், விலக்கினால் எஞ்சின் காப்பாற்றப்பட்டது. கரித்துகளோ, வீடுகளின் அருகிலேயே இயங்கும் ஜெனரேட்டரிலிருந்து அவ்வூராரின் நுரையீரலுக்கே செல்கிறது. தூய காற்றா, தடையற்ற மின்சாரமா என்ற கேள்வி தொலைதூரத்து மக்களிடம் மட்டும் கேட்கப்படுவது முறையாகாது. எரிபொருளுக்கு அவகாசம் தந்தபோது முடிவு நாள் குறிக்கப்பட்டது. அதனால் விதி நிறைவேறிற்று. முடிவு நாள் இல்லாத விலக்கு, காலப்போக்கில் புறக்கணிப்பாக மாறிவிடக்கூடும். பழுதுபார்க்கும் வசதி இல்லை என்பது விதியைத் தளர்த்துவதற்குக் காரணமாவதைவிட, அவ்வசதியை ஏற்படுத்துவதற்கே காரணமாக வேண்டும்.

சித்தூர் வட்டாரத்தில் உறைபனி இல்லை. சென்னையும் பெங்களூரும் ஒருநாள் பயணத்துக்குள் உள்ளன. ஆகவே, இங்கே விலக்குக் கோருவதற்குக் காரணம் ஏதுமில்லை. இல்லாதது பயிற்சியே ஆகும். ஒவ்வொரு புதிய விதியுடனும், தாலுகா அளவில் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி, வடிகட்டியைச் சுத்தம் செய்யும் நிலையம், கரைசலின் தரத்தைச் சோதிக்கும் எளிய கருவி ஆகியவற்றுக்கும் அரசாங்கம் நிதி ஒதுக்குதல் வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இவையின்றேல், ஆலையில் கந்தகத்தை நீக்கச் செலவிட்ட பெரும்பொருள் சாலையில் புகையாகவே போகும்.

கள ஊழியர்கள் டிராக்டர் உரிமையாளரிடம் எச்சரிக்கை விளக்கின் பொருளை விளக்கலாம். ஆசிரியர்கள், வயலுக்கான யூரியா வண்டிக்கு ஏன் உதவாது என்பதை ஓர் இரசாயனப் பாடமாகவே நடத்தலாம். விதியை வகுப்பது தலைநகரின் கடமை. அதனை ஒவ்வோர் ஊரிலும் உண்மையாக்குவது, அந்த ஊரில் எஞ்சினைத் திறந்து பார்க்கும் கைகளின் திறமையாகும்.