டாக்டர் பட்டம் யாருக்கு?

மயிலாடுதுறைப் பக்கத்தில் நாற்று நடுகிற ஒரு பெண்ணின் மகள், "நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், தெருவில் என்ன நினைப்பார்கள்? ஊசி போடுகிற டாக்டர் என்றுதான் நினைப்பார்கள். "இல்லை, பள்ளிக்கூடங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன்" என்று அவள் விளக்கினால், "அது எதற்கம்மா? யாருக்குப் பிரயோஜனம்?" என்று கேள்வி வரும். கேட்பது நியாயமே. அன்றாடக் கூலியை எண்ணிப் பிழைப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கல்விக் கொள்கை என்று ஒரு படிப்பு இருக்கிறது. எந்த ஊருக்குப் பள்ளி, எத்தனை வாத்தியார், எத்தனை மணி நேரம் பாடம், எந்தப் பள்ளியை மூடுவது, பணத்தை யார் தருவது என்பதையெல்லாம் ஆராய்கிற படிப்பு. அதோடு ஒட்டி, நிர்வாக அமைப்புகளைப் பற்றிய படிப்பும் உண்டு. மேலே போட்ட உத்தரவு கீழே வந்து சேராமல் எந்த மேஜையில் படுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. இரண்டையும் ஆராய்ந்து, ஆய்வேடு எழுதி, தேர்வாளர்கள் ஒப்புக்கொண்டால் டாக்டர் பட்டம். முனைவர் பட்டம் என்பதும் இதுவே.

ஏட்டுச் சுரைக்காய் என்று இதைத் தள்ளிவிட முடியாது, தோழர்களே! 1953-ஐ நினைத்துப் பாருங்கள். ராஜாஜி மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளுக்கு 3 மணியாகச் சுருக்கியது. மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பனிடம் தொழில் பழகட்டும் என்றது. தஞ்சை ஜில்லாவில் பண்ணையாளின் மகனுக்கு அப்பன் தொழில் என்ன? மிராசுதாரின் மாட்டை மேய்ப்பதும், கொட்டிலில் சாணி அள்ளுவதும், அவருடைய வயலில் சேறு மிதிப்பதும்தானே! சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவுகட்டப் போராடி, 1952-ல்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கிடைத்தது. சட்டத்தின் மை காய்வதற்குள், பிள்ளையைத் திரும்பப் பண்ணைக்கே அனுப்புகிற திட்டம்! ஜனங்கள் எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதன்மந்திரியானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் மதியச் சோறு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்ததும் ஒரு கொள்கைதான். 2023 ஆகஸ்டில் திருக்குவளைப் பள்ளியிலிருந்து மாநிலமெங்கும் விரிந்த காலை உணவும் ஒரு கொள்கைதான். பிள்ளையைத் துரத்துவதும் கொள்கை, கூப்பிடுவதும் கொள்கை. அதை எழுதுகிற கை யாருடையது என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமா?

பஞ்சாலைத் தொழிலாளிக்கு இது இன்னும் சுலபமாக விளங்கும். டெய்லர் என்று ஓர் அமெரிக்க எஞ்சினியர் இருந்தார். 1899 வாக்கில் பெத்லஹேம் எஃகு ஆலையில் கையில் கடிகாரத்தோடு நின்று, இரும்புப் பாளம் சுமக்கிற தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்தார். நாளுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றியவனை நாற்பத்தேழரை டன் ஏற்ற வைத்தார். கூலி எவ்வளவு உயர்ந்தது தெரியுமா? 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட்! சுமை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. இதற்கு விஞ்ஞான நிர்வாகம் என்று பெயர் சூட்டி 1911-ல் புத்தகமும் போட்டார். ஸ்பின்னிங்கில் கூடுதல் சைடு பார்க்கச் சொல்லி நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டும்போது, அந்தக் கடிகாரத்தின் டிக் டிக் சத்தம்தான் நம் காதில் விழுகிறது.

இதற்கும் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்? ரேமண்ட் கல்லஹான் என்ற ஆராய்ச்சியாளர் 1962-ல் எழுதிய நூலில் அதை அம்பலப்படுத்தினார். டெய்லரின் கடிகாரம் ஆலை வாசலைத் தாண்டி அமெரிக்கப் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்ததையும், ஒரு பாடத்துக்கு எவ்வளவு செலவு, ஒரு வாத்தியாருக்கு எத்தனை பிள்ளை என்று முதலாளிமார் கணக்கிலேயே கல்வி அளக்கப்பட்டதையும் ஆதாரத்தோடு காட்டினார். இப்படிப்பட்ட ஆராய்ச்சி நமக்கு வேண்டுமா, வேண்டாமா? பிள்ளைகள் குறைவு என்று ஒரு கிராமத்துப் பள்ளியை மூடப் பார்க்கிற அதிகாரியிடம், அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று காட்டத் தெரிந்தவர் நம் பக்கம் இருக்க வேண்டாமா?

நம்முடைய மண்ணையே வைத்து வாங்கிய டாக்டர் பட்டமும் உண்டு. ஆந்த்ரே பெத்தேய் 1961, 62-ல் தஞ்சாவூருக்கு அருகே ஒரு காவிரிக்கரைக் கிராமத்தில் தங்கி, டில்லி சர்வகலாசாலைக்கு ஆய்வேடு எழுதினார். ஊரின் பெயரை மறைத்து ஸ்ரீபுரம் என்று குறிப்பிட்டார். சாதியும் வர்க்கமும் அதிகாரமும் அங்கே எப்படிப் பிரிகின்றன என்று சொன்ன அந்த ஆய்வு 1965-ல் நூலாகி, உலகமெங்கும் படிக்கப்பட்டது. நல்ல நூல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் தங்கியது அக்ரகாரத்தில். அங்கே இருந்துகொண்டு சேரிக்கு இஷ்டம்போல் போய்வர முடியவில்லை என்பதை அவரே பின்னால் எழுதினார். அது அவருடைய நேர்மை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: அதே ஊரைச் சேரியில் பிறந்த ஒருவர் ஆராய்ந்திருந்தால், முதல் அத்தியாயம் எந்தத் தெருவில் ஆரம்பித்திருக்கும்?

அப்படி ஒருவர் ஆராய்வதற்குத் தடை என்ன? மூளையா? இல்லை, பணம்! இந்தப் பட்டத்துக்குக் குறைந்தது 3 வருஷம் ஆகும். 6 வருஷம் வரை போகலாம் என்கிறது 2022-ம் வருஷ விதி. அதற்கு முன் பள்ளி, கல்லூரி என்று பதினேழு வருஷம் போயிருக்கும். அத்தனை காலமும் வீட்டுக்கு ஒரு கூலி குறைவு என்று அர்த்தம். தேசியப் பரீட்சையில் தேறி உபகாரச் சம்பளம் பெறுகிறவருக்கு 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். தேறாதவர் மத்திய சர்வகலாசாலையில் படித்தால் 8,000. இது 2012-ல் வைத்த தொகை. மேலே உள்ளது ஏறியபோதும் இது அசையவில்லை. மாநில சர்வகலாசாலையில் படிக்கிற பிள்ளைக்கு அந்த 8,000-ம் கிடையாது. 2015-ல் அதையே நிறுத்தப் பார்த்தார்கள். மாணவர்கள் டில்லியில் தெருவில் உட்கார்ந்த பிறகுதான் அது தப்பியது. 2025 ஜூலையில் நடந்தது இன்னும் மோசம். வெளிநாட்டில் மேற்படிப்புக்கென்று தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட ஏழைப் பிள்ளைகளுக்கான உதவித் திட்டத்தில் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பணம் இருந்தால் பார்க்கலாம் என்றது மத்திய சர்க்கார்.

பணம் நின்றால் படிப்பு நிற்கும் என்பதற்கு அம்பேத்கரே சாட்சி. 1913-ல் பரோடா மன்னரின் உதவியோடு அமெரிக்கா போனார். உதவிக் காலம் முடிந்ததும், 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பம்பாயில் கல்லூரி ஆசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1920-ல் மறுபடி கப்பலேறினார். 1923-ல் லண்டன் பட்டமும், 1927-ல் கொலம்பியா டாக்டர் பட்டமும் வந்தன. அவருக்கே அந்தக் கதி என்றால், மல்லியத்திலிருந்தும் மணல்மேட்டிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பெண்ணுக்கு என்ன கதி?

பட்டம் வாங்கியவர்களெல்லாம் நம்மவர்களாகவே இருந்துவிடுவார்கள் என்று நாம் கனவு காணவில்லை. ஏறிய ஏணியை எட்டி உதைத்தவர்களையும் பார்த்தாயிற்று. அதற்காக ஏணியே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? உபகாரச் சம்பளம் எல்லா ஆராய்ச்சி மாணவருக்கும் வேண்டும். மாதா மாதம், கூலி போல, தேதி தவறாமல் வேண்டும். சங்கக் கூட்டங்களில் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு இதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு விஷயம். ஆய்வேடு முடிந்ததும் வாய்மொழித் தேர்வு நடக்கும். ஆசிரியர்கள், மாணவர்கள் மட்டுமின்றி, அக்கறையுள்ள மற்ற நிபுணர்களும் வந்து கேட்கலாம் என்று 2016-ம் வருஷ விதி சொன்னது. பள்ளியைப் பற்றிய ஆராய்ச்சி என்றால், இருபது வருஷமாகச் சத்துணவு ஆக்கிப் போடுகிற அம்மாவை விடப் பெரிய நிபுணர் யார்? நடவு இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி வைக்கட்டும். நாம் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறோம். கேட்பதற்குக் கேள்விகளும் வைத்திருக்கிறோம்.