பத்து நிமிடக் கெடு

கிறிஸ்துமஸ் கேக்கும் புத்தாண்டுப் பரிசுப்பெட்டியும் பத்தே நிமிடத்தில் வாசலுக்கு வரும் என்றன 2025 டிசம்பர் விளம்பரங்கள். தில்லியின் டிசம்பர் மூடுபனியில் எதிரே வரும் லாரிகூடத் தெரியாது; அதனூடே இருசக்கர வாகனத்தை விரட்டுகிற இளைஞருக்கு நிறுவனங்கள் சூட்டியுள்ள பெயர் ‘பங்குதாரர்’. லாபத்தில் பங்கில்லை, பெட்ரோலும் வண்டிப் பழுதும் மட்டும் அவர் பொறுப்பு!

2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு அமலாக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவரை முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்துகிறது. நிறுவனங்களின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதி, அவ்வளவே. குறைந்தபட்ச ஊதியமோ எட்டு மணி நேர வேலையோ அதில் இல்லை.

2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் வேலைநிறுத்தத்துக்குச் சங்கங்கள் அறைகூவல் விடுத்தது நியாயமே. கேக் அரைமணி தாமதித்து வரட்டும். பத்து நிமிடக் கெடுவை ஒன்றிய அரசு உடனே தடை செய்ய வேண்டும்.